அஞ்சினான் புகலிடம்

தானம் நான்கு வகைப்படும் என்பதை நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிவர். ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்பன அவை. இவற்றுள் முதல் மூன்றையும் நாம் இயன்ற அளவு செய்து வருகிறோம். விழா நாள்களில் உணவளிக்கிறோம். மருத்துவ முகாம்களுக்குப் பொருள் தருகிறோம். அறநூல்களை அச்சிட்டு வழங்குகிறோம். நான்காவதாகிய அபயதானம் யாது என வினவினால், கொல்லாதிருத்தலே அது என்று விடை கூறி அமைந்துவிடுகிறோம். அவ்விடை பிழையன்று. ஆயினும் அது முழு விடைதானா என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

அபயம் என்பது அச்சமின்மை. ஓர் உயிரை நாம் கொல்லாது விடும்போது, நம்மைப் பற்றிய அச்சம் அவ்வுயிருக்கு நீங்குகிறது. ஆனால் நம்மால் அன்றி, வானத்தால் அச்சமுற்று நிற்கும் ஒருவருக்கு நாம் அபயம் அளித்தல் இயலுமா? மழை பொய்க்குமோ, பெய்தே கெடுக்குமோ என்று ஆண்டுதோறும் அஞ்சி விதைக்கும் சிறு உழவருக்கு நாம் செய்யக்கூடியது யாது? இவ்வினாவையே இங்கு ஆராய விழைகிறோம்.

எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். திண்டிவனத்துக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரில் எங்களுக்கு இரண்டு காணி நன்செய் உண்டு. நாங்கள் சென்னைக்குக் குடிபெயர்ந்த பின், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதனை ஒரே உழவர் குடும்பம் குத்தகைக்குப் பயிரிட்டு வருகிறது. எழுத்து ஏதும் இல்லை, வாய்ச்சொல்லே ஒப்பந்தம். காணிக்கு எட்டு மூட்டை நெல் என்பது பேச்சு.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் விரைந்து அகலாமல் அங்கேயே நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் மாண்டனர். சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளம் தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. கதிர் பிடிக்கும் பருவத்திலிருந்த எங்கள் வயல் ஐந்து நாள் நீருக்குள் கிடந்தது.

செய்தி அறிந்ததும் நாங்கள் அரிசியும் போர்வைகளும் அனுப்பினோம். கடமையைச் செய்துவிட்டோம் என்ற மனநிறைவும் எய்தினோம். தை மாதத்தில் அவ்வுழவர் எங்கள் இல்லத்துக்கு வந்தார். அளக்க வேண்டிய பதினாறு மூட்டையில் மூன்று மூட்டைதான் கொண்டுவந்திருந்தார். “மீதியை அடுத்த போகத்திலே சேர்த்து அளந்துடறேன் நயினாரே. நிலத்தை மட்டும் வேற ஆளுக்கு விட்டுடாதீங்க” என்றார். நாங்கள் ஆறுதல் கூறினோம். மூன்று மூட்டையையும் பெற்றுக்கொண்டோம்.

சில மாதங்கள் கழித்து அரசின் பயிர் நிவாரணம் வந்தது. நெல்லுக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அடங்கலில் எங்கள் பெயரே இருந்தமையால் தொகையும் எங்கள் வங்கிக் கணக்கிலேயே சேர்ந்தது. அதனைக் கேட்ட எங்கள் தாயார், “விதை அவருடையது, உரம் அவருடையது, போனதும் அவருடையது. பணம் மட்டும் நம்முடையதா?” என்று வினவினார். எங்களிடம் விடை இல்லை.

அன்றுதான் எங்களுக்கு ஒன்று விளங்கிற்று. பயிர் அழிந்த ஆண்டில் அழிவின் முழுச் சுமையையும் தாங்கியவர் அவர். நாங்கள் ஒரு கையால் அரிசி கொடுத்து, மறு கையால் நெல்லும் பணமும் பெற்றிருந்தோம். தானம் செய்தவர் யார், பெற்றவர் யார்?

இது எங்கள் ஒரு குடும்பத்துக் கதை மட்டும் அன்று. வந்தவாசி, ஆரணி, சேத்துப்பட்டு, திண்டிவனம் வட்டாரங்களில் நம்மவர் பலரும் தலைமுறை தலைமுறையாக உழவையே தொழிலாகக் கொண்டவர்கள். ஆதிபகவன் உலகுக்குக் கற்பித்த அறுவகைத் தொழில்களுள் உழவும் ஒன்று எனப் பெருமையுடன் கூறிக்கொள்பவர்கள். கல்வியும் அலுவலும் நம்மை நகரங்களுக்கு அழைத்துச் சென்றுவிட்டன. நிலம் ஊரிலேயே இருக்கிறது. அதில் இன்று இறங்கி நிற்பவர் பெரும்பாலும் வேறொருவர். நம்மவரே நின்றாலும் அவரும் சிறு உழவரே. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 93 பண்ணைகள் இரண்டு எக்டேருக்கு உட்பட்டவை. ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர்; அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு.

இத்துணைச் சிறிய நிலத்தின்மீது இப்போது வந்து இறங்கும் சுமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 440 மில்லிமீட்டர் கிடைக்கவேண்டிய இடத்தில் 168 மில்லிமீட்டரே கிடைத்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. எட்டு ஆண்டுகளுக்குள் அதே மண்ணில் இந்த வெள்ளம். வறட்சியும் வெள்ளமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றினும் இரண்டையும் மிகுவிப்பது ஒரே வெப்பம்தான். காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். அக்காற்று மழையற்ற நாளில் மண்ணின் ஈரத்தைக் கூடுதலாக உறிஞ்சும். பெய்யும் நாளில் கூடுதலாகக் கொட்டும். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையை நோக்க, 2024ஆம் ஆண்டின் உலக வெப்பம் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை உயர்ந்திருந்தது. அளவீடு தொடங்கிய நாளிலிருந்து அதுகாறும் அத்துணை வெப்பமான ஆண்டு இருந்ததில்லை.

கண்ணுக்குப் புலப்படாத இழப்பும் உண்டு. பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலைய வயல்களின் பல்லாண்டு விளைச்சலை ஆராய்ந்தவர்கள், இரவு வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் கோடைப் போக நெல்லின் விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவதாக 2004இல் எழுதினர். புயலும் இல்லை, வறட்சியும் இல்லை. ஆயினும் பத்து மூட்டையில் ஒரு மூட்டை இரவோடு இரவாகக் குறைகிறது. இதற்கு நிவாரணம் அறிவிப்பாரும் இலர்.

இந்நிலையில் உழவரின் அச்சம் அவருடைய உள்ளத்தை மட்டும் வருத்துவதன்று. அவருடைய கையையும் கட்டிப்போடுகிறது. எல்லாம் போய்விடுமோ என்று அஞ்சுபவர் நல்ல விதை வாங்கத் தயங்குவார், உரத்தைக் குறைப்பார், நிலத்தில் ஒரு பகுதியைத் தரிசாக விடுவார். நல்ல மழை பெய்த ஆண்டிலும் அவருக்கு முழு விளைச்சல் கிட்டாது. அச்சம் நீங்கினால் என்ன ஆகும் என்பதை ஒடிசாவில் நடந்த ஒரு சோதனை காட்டுகிறது. அங்கே பத்ரக், பாலசோர் மாவட்டங்களில் வெள்ளம் தாங்கும் சுவர்ணா சப்-1 என்னும் நெல்விதை உழவர் சிலருக்கு ஐந்து கிலோ வீதம் வழங்கப்பட்டது. இரண்டு வாரம் வரை நீருக்குள் மூழ்கினும் மீண்டெழும் இரகம் அது. அவ்வாற்றலும் ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து பெறப்பட்டதே. விதை பெற்றவர்கள், பெறாதவர்களைவிட மிகுந்த நிலத்தில் பயிரிட்டனர். உரமும் மிகுதியாக இட்டனர். கடன் வாங்கி முதலீடு செய்யவும் துணிந்தனர். 2016இல் வெளியான அவ்வாய்வின் சாரம் இதுதான்: இழப்பின் அச்சம் குறைந்ததும் மனிதர் தம் முயற்சியைத் தாமே பெருக்கிக்கொண்டனர். தாழ்ந்த நிலங்களில் ஒதுக்கப்பட்ட ஏழைச் சாதியினருக்கே அவ்விதையால் மிக்க பயன் விளைந்தது என மற்றோர் ஆய்வும் கூறிற்று.

அபயதானத்தின் இயல்பு இங்கே நன்கு புலனாகிறது. உணவு கொடுத்தால் ஒருவேளைப் பசி தணியும். அச்சத்தை நீக்கினால் கொடுத்தவரை எதிர்பாராமல் பெற்றவர் தாமே எழுந்து நிற்பார். ஆகவே வெள்ளம் வந்த பின் செய்யும் உதவியைவிட, வருமுன் செய்யும் உதவியே உயர்ந்தது எனலாம்.

இங்குச் சிலர் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். இன்பமும் துன்பமும் அவரவர் வினைப்பயன் அன்றோ? அவர் வயல் மூழ்கியது அவர் வினை. நாம் இடையில் வருவானேன்? இக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் ஆகாது. வினைக்கொள்கை நமக்கு அளிக்கப்பட்டது, நமக்கு நேரும் துன்பத்தை நாம் பொறுமையுடன் ஏற்பதற்காக. பிறர் துன்பத்தை நாம் பொறுமையுடன் பார்த்துக்கொண்டிருப்பதற்காக அன்று. மேலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றினாலும் வினை நம்மைச் சேரும் என்றே நம் முன்னோர் போதித்தனர். காற்றை வெப்பமாக்கும் கரியில் அந்த இரண்டு காணி உழவரின் பங்கு மிகச் சிறிது. நம் ஊர்தியும், குளிரூட்டியும், விமானப் பயணமும், நாம் வாங்கிக் குவிக்கும் பொருள்களும் சேர்க்கும் பங்கு அதனினும் மிகுதி. அவர் வயல் மூழ்கியது எவ்வினையால் என்பதை நாம் அறியோம். அவ்வெப்பத்தை மிகுவிப்பதில் நம் கை உண்டு என்பதை அறிவோம். அறியாததைக் காரணம் காட்டி அறிந்ததிலிருந்து தப்ப முயல்வது நேர்மையாகுமா?

இரண்டாவது தடை, நாம் வெளியில் சொல்லக் கூசுகின்ற தடை. நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்பது அது. 1955ஆம் ஆண்டு வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தையும், 1969ஆம் ஆண்டு வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தையும் நம் குடும்பப் பெரியவர்கள் மறக்கவில்லை. ஏட்டில் பெயர் ஏறிய குத்தகைதாரரை எளிதில் நீக்க இயலாது. ஆகவே எழுத்தே வேண்டாம், வாய்ப்பேச்சே போதும் என்ற வழக்கம் வேரூன்றிவிட்டது. இவ்வச்சத்தை நாம் இகழவில்லை. மகளின் திருமணத்துக்கும் முதுமைக்கும் அந்த இரண்டு காணியே துணை என்றிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஆனால் அவ்வச்சத்தின் விலையைச் செலுத்துபவர் யார்? 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகை உழவரும் சேரலாம்; சம்பா நெல்லுக்கு உழவர் செலுத்த வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடு மட்டுமே. ஆயினும் பயிரிடுபவர் பெயரில் அடங்கலோ விதைப்புச் சான்றோ வேண்டும். அது இல்லாதவர் காப்பீட்டிலும் சேர இயலாது. நிவாரணமும் பெற இயலாது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் உழவர் உதவித்தொகையோ நிலவுடைமைக் குடும்பங்களுக்கே உரியது. நாம் அச்சமின்றி இருப்பதற்காக அவர் இருமடங்கு அஞ்சி வாழ்கிறார். ஒருவர் அச்சத்தை மற்றவர் தலைக்கு மாற்றி வைப்பது அபயம் அன்று.

உண்மையில், நாம் தானம் என எண்ணுவதில் ஒரு பகுதி தானமே அன்று. அழிந்த பயிருக்காக வந்த பணம் பயிரிட்டவரையே சாரும். அதனை அவரிடம் சேர்ப்பது ஈகையாகாது. சேர்க்காதிருப்பதே கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு மாறானது. அவ்வாறே விளையாத ஆண்டிலும் விளைந்த ஆண்டின் குத்தகையைக் கேட்பதும் சிந்தனைக்குரியது. முற்காலத்தில் வாரம் என்னும் முறை இருந்தது. விளைந்ததில் நிலமுடையார்க்கு ஒரு பங்கு, உழுதவர்க்கு ஒரு பங்கு. அம்முறையில் குறைகள் பல உண்டு. ஆயினும் வானம் பொய்த்தால் இருவருக்கும் பொய்த்தது. கட்டுக்குத்தகை வந்த பின், இலாபத்தில் நிலையான பங்கு ஒருவருக்கும், நட்டம் முழுவதும் மற்றொருவருக்கும் ஆயிற்று. பருவம் ஒழுங்காக இருந்த காலத்தில் இக்குறை கண்ணில் படவில்லை. பருவம் குலைந்த இந்நாளில் அதுவே பெருங்கொடுமையாகிறது.

தாமே உழும் நம் உறவினர்க்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. வறட்சிக்கு அஞ்சி ஒருவர் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறார்; பக்கத்து நிலத்துக்காரர் கிணறு வற்றுகிறது; அவர் அதனினும் ஆழமாகத் தோண்டுகிறார். நம் வட்டாரம் பாறை நிலம். ஊறும் நீருக்கு எல்லை உண்டு. இப்போட்டியில் முதலில் தோற்பவர் கடன் வாங்க வழியற்ற சிறு உழவர். ஏரி அவ்வாறானதன்று. ஏரி நிரம்பினால் ஆயக்கட்டில் உள்ள எல்லோர் கிணறும் ஊறும். வெள்ளக் காலத்தில் அதே ஏரி நீரைத் தாங்கிக்கொள்ளவும் செய்யும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருக்கின்றன. வரத்துக் கால்வாய் தூர்ந்தும், மதகு பழுதுற்றும், கலங்கல் அடைபட்டும் கிடக்கும் ஏரி, வறட்சியில் நீர் தராது. பெருமழையில் கரை உடையும். கரையைக் கட்டிக் காத்த குடிமராமத்து, ஊரார் கூடிச் செய்த அபயதானமே அன்றோ?

இனி, நம்மால் இயன்றவை யாவை? ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்திலிருந்தே தொடங்கலாம். முதலாவது, விளையாத ஆண்டில் குத்தகையை விளைச்சலுக்கு ஏற்பக் குறைத்தல். அதனை இரக்கத்தின்பேரில் பின்னர் முடிவு செய்யாமல், விதைக்கும் முன்னரே வாக்காகச் சொல்லிவிடுதல். பின்னர்க் காட்டும் இரக்கம் நன்றியைத் தரும். முன்னர்க் கொடுத்த வாக்கே அச்சத்தை நீக்கும். இரண்டாவது, சட்டம் அறிந்தவரைக் கலந்து, பயிரிடுபவர் பெயரில் சான்று கிடைக்கச் செய்தல். அது இயலாதபோது நாமே காப்பீடு செய்து, வரும் தொகையை அவரிடம் சேர்த்தல். மூன்றாவது, தக்க விதைக்கு உதவுதல். தமிழ்நாட்டில் சி.ஆர். 1009 சப்-1 என்னும் வெள்ளம் தாங்கும் நெல் புழக்கத்தில் உள்ளது. இளம்பயிர்ப் பருவத்து வெள்ளத்துக்கே அது காப்பு. கதிர்ப் பருவத்து வெள்ளத்துக்கு மருந்தாகாது என்பதையும் சொல்லியே கொடுத்தல் வேண்டும். நான்காவது, ஊரில் ஆலயத் திருப்பணிக்குப் பொருள் தரும்போது, ஏரியின் வரத்துக் கால்வாய்க்கும் ஒரு பங்கு ஒதுக்குதல்.

இவை பெரிய செயல்கள் அல்ல. இவற்றால் புயல் நில்லாது, வெப்பமும் தணியாது. ஆயினும் ஒரு பயிர் போனால் நிலமும் போகும், நிலம் போனால் ஊரும் போகும் என்ற சங்கிலியை ஓரிடத்தில் அறுக்க இவை போதும்.

எங்கள் குடும்பத்தில் நிவாரணத் தொகையை அவ்வுழவரிடம் சேர்த்துவிட்டோம். எஞ்சிய பதின்மூன்று மூட்டைப் பாக்கியைத் தள்ளுபடி செய்தோம். இனி விளையாத ஆண்டில் விளைந்ததற்கு ஏற்பவே குத்தகை என்று சொல்லியிருக்கிறோம். அதனைக் கேட்டு அவர் நன்றி கூறவில்லை. ஏரிப்பக்கத்து வயலிலும் இந்த முறை நடவு செய்யலாமா என்று கேட்டார். மூழ்கிவிடும் என்று அஞ்சி அப்பகுதியைச் சில ஆண்டுகளாக விட்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அடங்கல் குறித்து மட்டும் எங்கள் உடன்பிறந்தாரிடையே இன்னும் ஒத்த முடிவு ஏற்படவில்லை. எங்கள் அச்சமும் எளிதில் நீங்குவதாக இல்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறோம்.

பழைய தென்னார்க்காட்டுக் கல்வெட்டுகளில், சமணப் பள்ளியை ஒட்டி ‘அஞ்சினான் புகலிடம்’ என்னும் பெயர் காணப்படுகிறது. அஞ்சி ஓடிவந்தவர்க்கு அடைக்கலம் அளிக்க நம் முன்னோர் இடம் வகுத்திருந்தனர். வந்தவர் யார், அவர் அச்சத்துக்குக் காரணம் யாது என்பதன்று அங்கே முதற்கேள்வி. அவர் அஞ்சுகிறார் என்பதே போதுமானதாக இருந்தது. இன்று அஞ்சி நிற்பவர் ஓடிவரவில்லை. நம் நிலத்திலேயே, நம் வரப்பிலேயே வானத்தை நோக்கி நின்றுகொண்டிருக்கிறார். புகலிடத்தை அவர் தேடி வரும்வரை காத்திராமல், அவர் நிற்கும் இடத்தையே புகலிடமாக்குவது நிலமுடைய நம் ஒவ்வொருவரின் கடமையாகும். வரும் ஆடியில் விதை விடும் முன்னர், ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தைப் பயிரிடுபவரை அழைத்து, “இவ்வாண்டு உங்களுக்கு எதைப் பற்றி அச்சம்?” என்று ஒருமுறை கேட்டறியுமாக. அபயதானம் அக்கேள்வியிலிருந்தே தொடங்கும்.

அறம் வளர்க!